மரகதமும் மில்பிடாஸ் கொக்குகளும்

மரகதத்துக்கு பேஸ்பால் பிடித்துப்போனது ஒரு தோல்வியில்தான். பதினோரு வருடங்களுக்கு முன்னால், அவள் வேலை பார்க்கும் சர்க்யூட் போர்டு கம்பெனியில், ஊழியர்களையெல்லாம் ஒரு சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் ஏற்றி, 880 ஃப்ரீவேக்குப் பின்னால் இருக்கும் சின்ன மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஆடியது மில்பிடாஸ் ஊரின் ஹெரன்ஸ் என்றொரு அணி. டிவியில் வருகிற பெரிய லீக் இல்லை. பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்து இழந்தவர்களும் கோடை முழுக்க ஆடும் சின்ன லீக். ஹெரன் என்றால் கொக்கு. சட்டையில் ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு நீலக் கொக்கு.

அன்றைக்குக் கொக்குகள் ஒரே ஒரு ரன் எடுத்தார்கள். எதிர் அணி பதினான்கு எடுத்தது. பரிசாகக் கொடுத்த தொப்பியை விசிறிக்கொண்டு மரகதம் கிளம்பப் பார்த்தபோது, பக்கத்து சீட்டில் இருந்த நோரா என்கிற ஃபிலிப்பினோ அம்மாள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிடையரானவள், "நாளைக்கும் ஆட்டம் இருக்கு, வர்றீங்கதானே?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் மறுநாள் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அது. இப்படி உதை வாங்கிவிட்டு நாளைக்கும் வருகிற ஜனங்களா என்று மரகதத்துக்கு ஆச்சரியம். மறுநாள் போனாள். அதற்குப் பிறகு போகாத கோடை கிடையாது.

அவள் புருஷன் கந்தசாமிக்கு இது விளங்கவே இல்லை. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்க்காரர். கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஓய்வு நேரமெல்லாம் ஃபோனில் செஸ்.

"ஜெயிக்கற டீமையாவது பாரேன் மரகதம். ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணுனா எவ்வளவு பெரிய டீமெல்லாம் ஆடுது."

"ஜெயிக்கறவங்களுக்கு என்னங்க, ஊரே கூட இருக்கும். இதுகளுக்கு நான்தான் இருக்கேன்" என்பாள்.

பதினோரு வருடத்தில் கொக்குகள் ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. இரண்டு தடவை கடைசி இடம். ஒரு வருடம் இறுதிப் போட்டிக்கு அருகில் போய், ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டதில் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வாரம் மரகதம் தாளித்த குழம்பிலெல்லாம் உப்பு இல்லை.

இந்த மே மாதம் இருபத்து நான்கு வயதுக்காரன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். நெப்ராஸ்காவிலிருந்து வந்தவன், பெயர் வெஸ்லி. ஓடுகிறவர்கள் தொட்டுப் போகவேண்டிய மூலைகளில் இரண்டாவதான இரண்டாவது பேஸ் அருகில் நிற்பவன். முதல் வாரமே கைக்குள் விழுந்த பந்தை இரண்டு முறை நழுவவிட்டான். மட்டையைத் தூக்கினால் காற்றைத்தான் அடித்தான். மரகதத்தால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது பேஸ் பக்கம் அவளுடைய வழக்கமான இடத்திலிருந்து எழுந்து நின்று, "அட எருமை! கண்ணு தெரியலையா உனக்கு?" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். ஆங்கிலத்தில் திட்டினால் பாவம் மனசு நோகும் என்பது அவள் கணக்கு. தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

அந்த வார இறுதியில் மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் சிலருக்கு சீசன் முடியும்வரை தங்க இடம் வேண்டும், வீட்டில் காலி அறை இருக்கிற ரசிகர்கள் முன்வரலாம் என்றார்கள். மரகதத்தின் வீட்டில் அறை இருந்தது. மகள் பிரீத்தி படிப்பு முடிந்து ஆஸ்டினில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. கந்தசாமியைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"யாரோ ஒருத்தன நடுவீட்ல கொண்டாந்து வைக்கறதா?" என்றார் கந்தசாமி.

"பிரீத்தி ரூம் சும்மாதானுங்க கெடக்குது."

பிரீத்தி ஃபோனில் இன்னும் சத்தமாக இருந்தாள். "அம்மா, சீரியஸ்லி? மை ரூம்? டு எ பேஸ்பால் ப்ளேயர்?"

"உன் பொம்மையெல்லாம் எடுத்து பத்திரமா வச்சுட்டேன் கண்ணு."

யாரை அனுப்பப் போகிறார்கள் என்று மரகதம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால், தோளில் ஒரு மூட்டையும் கையில் இரண்டு மட்டையுமாக வெஸ்லி நின்றான். மரகதம் கதவைப் பாதி மூடப்போய், மறுபடி திறந்தாள்.

அவன் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது. "மேம், மூணாவது பேஸ் பக்கம் கத்தறது நீங்கதானே? எ-ரு-மை!" என்றான் ஆங்கிலத்தில், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில், ருவை நன்றாக உருட்டி. "நாங்க எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். யாராவது பந்தை விட்டா எருமைன்னு கத்தறோம். அதுக்கு என்ன அர்த்தம்?"

மரகதம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கந்தசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாக, "அது ஒரு பலமான மிருகம். நிறையப் பால் கொடுக்கும்" என்றார்.

அப்படித்தான் வெஸ்லி அந்த வீட்டுக்குள் வந்தான்.

முதல் சில நாட்கள் என்ன கொடுத்தாலும் "தேங்க் யூ மேம்" என்று அளவாகச் சாப்பிட்டான். நான்காம் நாள் மரகதம் அரிசியும்பருப்பும் சாதம் ஆக்கி, மேலே நெய் விட்டு, பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன் வைத்தாள். அதோடு மரியாதை போயிற்று. சட்டியை அவனே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான். நெற்றியில் வியர்வை வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காய்ந்த மிளகாயை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான். "எங்க அம்மாவுக்கு மிளகு போட்டாலே காரம். அவங்க இதைப் பார்க்கணும்" என்றான்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. மைதானம்தான் சரியில்லை. ஜூன் முழுக்கக் கொக்குகள் தோற்றார்கள். வெஸ்லியும் மட்டையோடு போவதும் தலையைக் குனிந்து வருவதுமாக இருந்தான். மரகதத்துக்குப் பெரிய சங்கடம். முன்பு என்றால் எழுந்து நின்று நாலு வார்த்தை கத்தினால் மனசு ஆறிவிடும். இப்போது கத்துவதெப்படி? காலையில் அவளிடம் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன் அங்கே நிற்கிறான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிற மாதிரி தொப்பியால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று நோரா கேட்டாள்.

"அவன் எங்க வீட்டுப் பையன் இப்ப" என்றாள் மரகதம்.

கத்த முடியாத கோபத்தையெல்லாம் அணி நிர்வாகத்தின் மேல் திருப்பினாள். உண்மையும் அதுதான். கொக்குகளிடம் இடதுகையால் பந்து எறிபவன் ஒருவன்கூட இல்லை. கடைசி இன்னிங்ஸ்களில் முன்னிலையை விட்டுக்கொடுத்துத் தோற்பது அதனால்தான் என்பது மரகதத்தின் திடமான கட்சி. ரசிகர்களைச் சந்திக்கிற நாளில் மேனேஜரையே பிடித்து, "உங்களுக்கு ஒரு லெஃப்ட்ஹேண்டர் வேணும் சார். எப்பாடு பட்டாவது ஒருத்தரைக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் விளக்கேற்றும்போது பண்ணாரி அம்மனிடமும் அதையே சொன்னாள்.

வெஸ்லியின் கஷ்டத்துக்கு வழி கண்டுபிடித்தது கந்தசாமிதான். ஒரு நாள் காலையில் கராஜிலிருந்து டொப் டொப் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். வெஸ்லி ஒரு வலையைக் கட்டி, தானே பந்தைத் தூக்கிப்போட்டுத் தானே அடித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிப் போடறதுக்கு ஆள் வேணுமா?" என்றார்.

"யாராவது போட்டா நல்லா இருக்கும் சார்."

அன்றிலிருந்து தினமும் காலையில், மீட்டிங் ஆரம்பிப்பதற்கு முன்னால், கந்தசாமி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். வெஸ்லி வலையில் அடித்தான். பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் பந்து ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் போய் நிற்கும்படி போடக் கற்றுக்கொண்டார். ராத்திரி தோளில் தைலம் தேய்த்துவிடச் சொல்லி மரகதத்திடம் முதுகைக் காட்டுவார்.

"மைதானத்துக்கு ஒரு நாள் வாங்களேன். நீங்க போட்டுப் பழக்குன கை எப்படி அடிக்குதுன்னு பாருங்க."

"வெயிலு" என்பார்.

ஜூலையில் திரும்பியது காற்று. வெஸ்லி ஒரு சனிக்கிழமை மூன்று முறை அடித்தான். மறுநாள் பந்து வேலியைத் தாண்டிப் போனது. மரகதம் எழுந்து நின்று கத்திய கத்தலில் நோராவின் பாப்கார்ன் சிதறியது. கொக்குகள் ஜெயித்தார்கள், மறுபடி ஜெயித்தார்கள், பட்டியலில் மேலே மேலே வந்தார்கள். மரகதம் வேலைக்கு நீலச் சுடிதார் மட்டுமே போட்டுக்கொண்டு போனாள். கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவளைப் பார்த்ததும் முதலில் ஸ்கோரைக் கேட்டார், அப்புறம்தான் குட் மார்னிங்.

ஆகஸ்ட் முதல் வாரம். மதியம் இரண்டு மணிக்கு, மைதானத்தில் பயிற்சியில் இருக்கவேண்டிய வெஸ்லி மூட்டையோடு வீட்டுக்குள் வந்தான். லீவில் இருந்த மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ட்ரேட் பண்ணிட்டாங்க மிசஸ் கே" என்றான். கந்தசாமி என்ற பெயர் வாயில் நுழையாமல் அவளை அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

ட்ரேசி மியூல்ஸ். அதாவது ட்ரேசி ஊரின் கோவேறு கழுதைகள். லீக்கில் முதலிடத்தில் இருக்கும் அணி. அவர்களுடைய இரண்டாவது பேஸ்காரனுக்கு முழங்கால் போய்விட்டது. வெஸ்லியைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"பதிலுக்கு யாரைக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் மரகதம்.

"ஒரு லெஃப்ட்ஹேண்டர். நல்ல பிட்ச்சர்."

மரகதம் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குள் இருந்த ரசிகை, சரியான முடிவு, இதைத்தானே கேட்டோம், இனி கோப்பை நமக்குத்தான் என்று ஒரு ஓரத்தில் குதித்தாள். மற்றவள், எதிரே நிற்கிற பையன் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். நல்லவேளை, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கந்தசாமி மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் மனைவியைத் தமிழில் பிடித்துக்கொண்டார். "லெஃப்ட்ஹேண்டர் லெஃப்ட்ஹேண்டர்னு அம்மன்கிட்ட வேண்டுனயே, இப்ப சந்தோசமா?"

"இவனக் குடுத்துட்டு வாங்குன்னா வேண்டுனேன்?"

"அதையும் சேத்துச் சொல்லீருக்கோணும்."

இவர்கள் சண்டை புரியாமல் வெஸ்லி, "நான் இன்னைக்கே ரூமைக் காலி பண்ணிடறேன்" என்றான். "ட்ரேசில எனக்குத் தங்க வீடு இன்னும் கிடைக்கலை. கிடைக்கறவரைக்கும் வண்டியில தூங்கிக்குவேன்."

"வண்டிலயா?" என்றார் கந்தசாமி ஆங்கிலத்துக்கு மாறி. "ட்ரேசி என்ன வேற கண்டமா? ஐம்பது மைல்கூட இல்லை. தினமும் காலையில பாதி ட்ரேசி கிளம்பி இங்க வேலைக்கு வருது. நீ எதிர்த்திசையில போகப் போற. ட்ராஃபிக்கே இருக்காது. இங்கயே இரு."

"ஆனா நான் இப்ப எதிர் டீம் சார்."

"அது அவளோட பிரச்சினை" என்று மரகதத்தைக் காட்டிவிட்டு, கந்தசாமி மீட்டிங்குக்குத் திரும்பிப் போனார்.

ஆக, கழுதை அணிக்காரன் ஒருவன் கொக்கு ரசிகையின் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் ஆல்டமாண்ட் மேட்டைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தான். நோராவுக்கு இதைச் சொன்னபோது அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். புது லெஃப்ட்ஹேண்டர் பிரமாதமாக எறிந்தான். மரகதம் அவனுக்குக் கை தட்டினாள். தட்டிவிட்டு, உடனே ஃபோனை எடுத்து, ட்ரேசியில் வெஸ்லி என்ன செய்தான் என்று பார்த்தாள். இரண்டு பக்கமும் நன்றாகவே போயிற்று. நன்றாகப் போகப் போக அவளுக்கு ஒரு பயம் வந்தது. அதுவேதான் நடந்தது. செப்டம்பரில் இறுதிப் போட்டி, மில்பிடாஸ் கொக்குகளுக்கும் ட்ரேசி கழுதைகளுக்கும். மூன்று ஆட்டத்தில் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தார்கள். மூன்றாவது, ஞாயிறு மதியம், மில்பிடாஸில்.

அன்று காலை மரகதம் முட்டை தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெஸ்லியின் பழைய பிக்கப் வண்டி மேடு ஏறி இறங்கிச் சூடாகி வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. கந்தசாமிதான் அவனை மைதானத்தில் கொண்டுபோய் விடப் போகிறார்.

"மிசஸ் கே, ஒண்ணு கேக்கலாமா? இன்னைக்கு யாருக்குக் கத்துவீங்க?"

மரகதம் தோசையைத் திருப்பிப் போட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஹெரன்ஸுக்குத்தான். பதினோரு வருசம் ஆச்சு வெஸ்லி. நீ நல்லா ஆடு, நாலு அடி அடி. ஆனா நாங்கதான் ஜெயிக்கணும்."

அவன் சிரித்தான். "நியாயம்தான்" என்று சொல்லி இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினான்.

மைதானத்தில் அன்று உட்கார இடமில்லை. ஆட்டம் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் படிக்கட்டில் கந்தசாமி ஏறி வந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. மரகதத்துக்குச் சந்தோஷம் பொங்கிய அதே நேரத்தில் அவர் தலை கண்ணில் பட்டது. கழுதை படம் போட்ட சிவப்புத் தொப்பி.

"ஏனுங்க, கழட்டுங்க அத! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் பந்து போட்டுக் குடுத்த பையன் அந்தப் பக்கம் ஆடறான்."

நீலச் சட்டைகளுக்கு நடுவில் ஒற்றைச் சிவப்புத் தொப்பியோடு அவர் உட்கார்ந்தார். நோரா அவருக்குப் பாப்கார்ன் நீட்டவில்லை.

ஆட்டம் இழுத்துக்கொண்டு போனது. வெஸ்லி ஒரு முறை அடித்து ஒரு ரன் எடுத்துக் கொடுத்தான். கந்தசாமி தன்னந்தனியாக எழுந்து நின்று கை தட்டினார். மரகதம் மடியில் வைத்தபடியே, சத்தம் வராமல் தட்டினாள். கடைசி இன்னிங்ஸில் கொக்குகள் நான்குக்கு மூன்று என்று முன்னால் இருந்தார்கள். இன்னும் ஒரே ஒருவனை அவுட்டாக்கினால் போதும். ஆனால் இரண்டு கழுதைக்காரர்கள் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஓடத் தயாராக நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், கோப்பை ட்ரேசிக்குப் போய்விடும். எறிவது லெஃப்ட்ஹேண்டர். மட்டையோடு வந்தது வெஸ்லி.

மைதானமே எழுந்து நின்று கத்தியது. மரகதத்துக்கு மட்டும் சத்தம் வரவில்லை. கந்தசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது பந்தை வெஸ்லி அடித்தான். அடித்த சத்தத்திலேயே தெரிந்தது, நல்ல அடி. பந்து தாழ்வாக, கோடு கிழித்த மாதிரி, இரண்டாவது பேஸ் பக்கம் பறந்தது. மே மாதம் வெஸ்லி நின்று பந்தைத் தவறவிட்ட அதே இடத்தில் இப்போது வேறொருவன் நின்றான். அவன் பக்கவாட்டில் பாய்ந்து, தரையில் நெஞ்சு தேய விழுந்து, கையுறையைத் தூக்கிக் காட்டினான். பந்து அதற்குள் இருந்தது.

அப்புறம் நடந்ததை மரகதம் யோசித்துச் செய்யவில்லை. குதித்தாள். நோராவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். முன் வரிசைக்காரரைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். தொண்டை கட்டும் வரை கத்தினாள். தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பதினோரு வருடத் தோல்வியும் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தபோது கந்தசாமி சிவப்புத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் போன திசையில், முதல் பேஸுக்கு ஓடும் வழியில் பாதியில் நின்றுவிட்ட வெஸ்லி, இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போ, நீ போய்க் கத்து" என்றார் கந்தசாமி. "அவன நான் பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரம் கழித்து மூவரும் காரில் இருந்தார்கள். கந்தசாமி ஓட்டினார். பக்கத்தில் மரகதம். பின் சீட்டில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெஸ்லி. மரகதம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை, உதடு தானாகவே விரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலவெராஸ் ரோட்டு சிக்னலில் வண்டி நின்றது.

"மிசஸ் கே" என்றான் வெஸ்லி பின்னாலிருந்து. "நீங்க சிரிக்கறது கண்ணாடியில தெரியுது."

"நான் சிரிக்கலை."

"பதினோரு வருஷம் காத்திருந்தீங்க. சந்தோஷமா இருங்க. நான் நல்லாத்தான் அடிச்சேன், அவன் பிடிச்சுட்டான். அந்த இடத்துல நான் இருந்திருந்தா அதைப் பிடிச்சிருக்க முடியாது, உங்களுக்கே தெரியும்."

மரகதம் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் கையை நீட்டி அவன் கன்னத்தை ஒரு தடவை தட்டினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இருக்கிற தொண்டையையெல்லாம் கூட்டி, "நம்ம கொக்குங்க ஜெயிச்சிருச்சு!" என்று மில்பிடாஸுக்கே சொன்னாள். பக்கத்து வண்டியில் ஒரு குடும்பம் நீலக் கொடியை ஆட்டியது.

வெஸ்லி முன்னால் சாய்ந்து கந்தசாமியின் தோளைத் தொட்டான். "சார், ஹார்ன்."

"நானா? நான் ட்ரேசி."

"நானும்தான் சார். அடிங்க."

கந்தசாமி சிவப்புத் தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, சிக்னல் பச்சையானது தெரியாமல், ஹார்னில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பின்னால் நின்ற வண்டிகளும் ஹார்ன் அடித்தன. வாழ்த்துக்கா, வழி விடச் சொல்லியா என்று தெரியவில்லை.